சலவை அறையில் அருள்வாக்கு

புதன்கிழமை மாலையானால் அந்த மாணவர் விடுதியின் சலவை அறையில் துணி துவைக்க இடம் கிடைக்காது. அறை நிறைய ஞானம் தேடி வந்த கூட்டம். வரிசை மாடிப்படி வரைக்கும் நீளும். யாராவது தப்பித்தவறி அழுக்குத் துணியோடு வந்துவிட்டால், "என்னங்க இது, புனிதமான எடத்துல வந்து துவைக்கிறீங்க?" என்று விரட்டிவிடுவார்கள்.

அங்கே அருள்பாலித்தவர் எண்ணானந்தர். பன்மாறி நுண்கணிதம் என்ற பாடத்தை மூன்றாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தவர். இரண்டு தடவை தோற்றவரா ஞானி என்று கேட்காதீர்கள். தோல்வியைத் தவம் என்று சொல்லத் தெரிந்தவனுக்குச் சீடர் பஞ்சம் வந்ததே கிடையாது.

அவர் மகிமை புரிய, பேராசிரியை வைத்திருந்த விதிகள் தெரியவேண்டும். வாரம் பத்துக் கணக்கு. பத்தையும் போட்டு வெள்ளிக்கிழமை வகுப்பில் தரவேண்டும். பிந்தினால் வாங்கமாட்டார். எல்லோர் தாளும் வந்தபிறகு டப்பாவைக் குலுக்கி ஒரு சீட்டு எடுப்பார். அதிலுள்ள ஒரே ஒரு கணக்கைத்தான் திருத்துவார். அதைப் போடாதவருக்குப் பூஜ்யம். பருவத்தில் இரண்டு பூஜ்யம் வரை மன்னிப்பார். மூன்றாவது விழுந்தால் பாடத்திலிருந்து பெயர் நீங்கிவிடும்.

ஒன்றைத்தான் திருத்துவார் என்றால் மற்ற ஒன்பதை எதற்கு முக்கி முனகிப் போடவேண்டும்? இந்தச் சோம்பலின் வயிற்றில் பிறந்தவர்தான் நம் மகான்.

கவிழ்த்த வாளியின்மேல் உட்கார்ந்திருப்பார். பக்தர் கொண்டுவந்த காலுறை இயந்திரத்துக்குள் சுழலும். வட்டக் கண்ணாடியை உற்றுப் பார்ப்பார், உறுமுவார், பிறகு பக்தரின் காதில் ஓர் எண்ணை ஓதுவார். எண்ணை வெளியே சொன்னால் பலிக்காது. அந்தக் கணக்கைச் சுத்தமாகப் போட்டு, ஒரு பிரதியை மறுநாள் அவரிடம் காணிக்கையாகக் கொடுக்கவேண்டும். காசா? சீச்சீ! காசைக் கையால் தொடாத உத்தமர்!

பலிக்காதவனுக்கு நம்பிக்கை போதவில்லை. பலித்தவன் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தான். மகானுக்கோ வாராவாரம் முழு மதிப்பெண். வேறென்ன சாட்சி வேண்டும்?

அந்த வகுப்பில் ஓர் அக்காவும் தம்பியும் இருந்தார்கள். அக்கா உடம்பு சரியில்லாமல் ஒரு வருடம் வீட்டில் கிடந்ததால் தம்பியோடு சேர்ந்து படிக்க நேர்ந்தது. தம்பிக்கு முதல் வாரமே எண் பலித்துவிட்டது. அதோடு பையன் புத்தகத்தை மூடியவன்தான். அடுத்தடுத்து இரண்டு பூஜ்யம் வாங்கியும் திறக்கவில்லை.

வியாழக்கிழமை உணவகத்தில் அக்கா அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு முட்டை வாங்கினா பேர எடுத்துருவாங்கடா. அப்பாகிட்ட என்னன்னு சொல்லப் போற?"

"இந்த வாட்டி கண்டிப்பா பலிக்கும்கா. அவரே சொல்லிட்டாரு."

"சரி, அவர் சொன்னதையும் போடு, மிச்சத்தையும் போடு. நான் சொல்லித் தர்றேன்."

"மிச்சத்தப் போட்டா அவர் மேல நம்பிக்கை இல்லன்னு ஆயிடும்கா."

"நம்பர் என்ன சொன்னாரு?"

தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அக்காவுக்குக் கோபம் வரவில்லை, சந்தேகம் வந்தது. உண்மையான எண் என்றால் ஊருக்கே சொல்லலாமே, அதை ஏன் காதுக்குள் ஓதவேண்டும்?

வெள்ளிக்கிழமை தாள்கள் மேசைமேல் குவிந்தன. சீடர்களின் ஒற்றைத் தாள்களுக்கு நடுவே மகானின் கட்டு மட்டும் தடியாக இருந்ததை அக்கா கவனித்தாள். பேராசிரியை டப்பாவைக் குலுக்கிச் சீட்டைப் பிரித்தார். "ஏழு."

ஆறு பேர் துள்ளிக் குதித்தார்கள். "சொன்னாருல்ல! சொன்னாருல்ல!" மற்றவர்கள் தங்கள் பாவத்தை எண்ணித் தலைகுனிந்தார்கள். தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா எழுந்தாள். "மேடம், ஒரே ஒரு நிமிஷம்." பேராசிரியை தலையசைத்ததும் மகானிடம் திரும்பினாள். "அதான் சீட்டு எடுத்தாச்சே. இனிமே எண்ணை வெளிய சொன்னா ஒண்ணும் கெட்டுப் போகாதில்ல?"

மகான் தொண்டையைச் செருமினார். "கெட்டுப் போகாது... ஆனா..."

"ஆனாவை அப்புறம் பாப்போம். இவர்கிட்ட நம்பர் வாங்கினவங்க எல்லாரும், நான் மூணு எண்ணினதும் அவங்கவங்க நம்பரை விரல்ல காட்டுங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு!"

கைகள் உயர்ந்தன. ஒருவன் ஒற்றை விரலைக் காட்ட, பக்கத்திலிருந்தவன் ஐந்தைக் காட்டினான். முன்வரிசையில் இரண்டு, ஒன்பது, ஆறு. ஜன்னலோரத்தில் பத்து விரலும் விரிந்தன. தம்பி நான்கு. ஒன்றிலிருந்து பத்து வரை எந்த எண்ணும் விட்டுப்போகவில்லை. வகுப்பு தன்னைத் தானே சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டது. பத்தையும் பங்குபோட்டுக் கொடுத்தால் ஏதாவது ஒன்று யாருக்காவது பலிக்காமலா போகும்? இதற்கு இயந்திரம் வேறு, காலுறை வேறு!

"நம்பிக்கை இல்லாதவங்க காதுல தப்பா விழுந்திருக்கு!" மகான் விடவில்லை.

"உங்க காதுல சரியாத்தானே விழுந்திருக்கும்? அப்போ ஏழாவதை மட்டும் போட்டிருக்கலாமே. நீங்க மட்டும் ஏன் பத்தையும் போட்டிருக்கீங்க?"

பேராசிரியை அவர் தாளைத் தேடி எடுத்தார். பத்துக் கணக்கும் பளபளவென்றிருந்தன. புரட்டிக்கொண்டே வந்தவர் நான்காவது கணக்கில் நின்றார். அது ஓர் இரட்டைத் தொகையீடு. கடைசி வரிக்குக் கீழே இருந்ததைச் சத்தமாகப் படித்தார்:

"'இந்த எல்லை சரியான்னு அக்காகிட்ட கேக்கணும்.' உங்களுக்கு அக்கா இருக்காங்களா?"

"நான் ஒரே பிள்ளை மேடம்," என்றார் மகான், வாய் தவறி உண்மையைச் சொல்லி.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தம்பி மட்டும் சிரிக்கவில்லை. மெல்ல எழுந்தான். "அது நான் எழுதினது மேடம். காணிக்கைக்குக் குடுத்தது." "கேக்கணும்னு நெனச்சேன்கா. நம்பர் வெளிய தெரிஞ்சிடுமேன்னுதான் கேக்கல."

ஆக, ஆளுக்கொரு கணக்கைப் போட்டது சீடர்கள். அவற்றில் நல்லதாகப் பொறுக்கி, படித்துக்கூடப் பார்க்காமல் பத்தையும் பார்த்தெழுதியது குரு. அதற்கு வந்த முழு மதிப்பெண்ணைக் காட்டி அடுத்த வாரக் கூட்டத்தைச் சேர்த்ததும் அதே குரு!

காப்பியடித்ததற்காக அவர் பெயர் அன்றே நீங்கியது. அந்த வாரத் தாள்கள் எதுவும் செல்லாது என்றார் பேராசிரியை. திங்கட்கிழமை வகுப்பிலேயே உட்கார்ந்து பத்தையும் எழுதவேண்டும், பாதியாவது சரியாக இருந்தால் பூஜ்யம் கிடையாது என்றும் சொன்னார். அக்காவும் தம்பியும் இரண்டு நாளும் உணவகத்தின் மூலை மேசையை விட்டு நகரவில்லை. பையன் ஆறு கணக்கைச் சரியாகப் போட்டான். பிழைத்தான்.

அடுத்த புதன்கிழமை அக்கா அழுக்குத் துணி மூட்டையோடு சலவை அறைக்குப் போனாள். வாசலில் ஒரு கூட்டம்.

"அக்கா, அவரையே கண்டுபிடிச்சவங்க நீங்க. உங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கும். இந்த வாரம் எந்த நம்பர்?"

"பத்தும்," என்றாள் அக்கா.

இரண்டு பேர் மட்டும் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் 'பத்தும்' என்பதன் உட்பொருள் என்ன என்று அங்கேயே நின்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆமாம் சாமி என்று தலையாட்டுவதற்கு முன்னால், தோழர்களே, அந்தத் தலைக்குள் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். மூளை என்று ஒன்று அங்கே குடியிருக்கிறது. அதற்கும் கொஞ்சம் வேலை கொடுங்கள்.