ஜுஸ்தீனாவின் இரைப்பைக்குக் கிடைத்த இடம்

ப்துய், டிசம்பர் 29

அன்புத் தங்கை ஒடிலியாவுக்கு,

அக்கா லெயோபோல்தினா எழுதுவது. நீயும் உன் வீட்டாரும் சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். என் சுகத்தை நீ கேட்காவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன்.

என் ஈரல் சுருங்கிப்போனது உனக்குத் தெரியும். குடியால் அல்ல என்று உன் சம்பந்தியிடம் மறுபடியும் சொல்லிவை. ஈரலுக்குள் போக முடியாத ரத்தம் இரைப்பைச் சுவரில் தேங்குகிறதாம். "உள்ளே பாம்புத்தோல் மாதிரி இருக்கும்மா. இரும்புல துரு ஏறுற மாதிரி சவ்வு அரிச்சிட்டு வருது. ரத்தம் நிறைய கசிஞ்சா ஆபத்து" என்றார் டாக்டர் பெர்னிக். அந்தத் துருவைத் தடுக்கும் மாத்திரைக்கு ஆறு மாத ஆராய்ச்சி நடக்கிறது. ஒரே ஓர் இடம் பாக்கி. எனக்கென்றே நினைத்திருந்தேன். எதிர்வீட்டு ஜுஸ்தீனாவும் பெயர் கொடுத்துவிட்டாள்! புருஷனின் திராட்சைத் தோட்டத்தை முப்பது வருடம் குடித்தே தீர்த்தவள். நேற்று இருவருக்கும் வாய்வழியே இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அவள் வயிற்றுப் படத்தைப் பார்த்து டாக்டர், "அடடா, புத்தகத்துல போடலாம் போலிருக்கே!" என்றார். என் படத்துக்கு "ம்" என்றார். கன்னியர் பள்ளியில் எட்டு வருடமும் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கியவளுக்கு "ம்"!

பிறகு கேட்டார்: "மூணு மாசமா ரெண்டு பேரும் ஒரு சொட்டு ஒயின் தொடலதானே?"

"ஐயோ, வாசனைகூட பிடிக்கல டாக்டர்" என்றாள் ஜுஸ்தீனா.

முந்தின நாள்தான் புனித யோவான் திருநாள். கோவிலில் சாமியார் மந்திரித்த ஒயினை எனக்கு முன்னால் நின்று இரண்டு வாய் குடித்தவள்! அவள் குடிக்கிறாளே என்று நானும் ஒரு வாய் குடித்தேன். மந்திரித்தது ஒயின் கணக்கில் சேராது என்றுதான் ஊரே சொல்கிறது. ஆனாலும் எனக்குப் பொய் வராது, சொல்லிவிட்டேன். டாக்டர் என் தாளை ஓரமாக வைத்தார்; இடம் அவளுக்குப் போயிற்று. பஸ்ஸில் வரும்போது அவள், "ஏங்க்கா, பாவசங்கீர்த்தனத்தை சாமியார்கிட்ட பண்ணாம டாக்டர்கிட்டயா பண்றது?" என்கிறாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த மாத்திரை மேல் எனக்கு ஆசையே இல்லை. இனி அவள் வீட்டு வாசல் மிதிக்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கு என் ஆசீரும் சம்பந்திக்கு என் மரியாதையும்.

லெயோபோல்தினா

பி.கு.: தபாலில் போடுவதற்குள் புத்தாண்டே வந்து போய்விட்டது. டாக்டர் போன் செய்தார்: "உண்மை சொல்ற ஆளுங்கதாம்மா ஆராய்ச்சிக்கு வேணும். உங்களுக்கும் ஓர் இடம் கேட்டு வாங்கிட்டேன். ஆனா பாதிப்பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப்பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது." அவளுக்கு நிஜம், எனக்கு மாவென்றால்? நேரே போய் அவள் கதவைத் தட்டினேன். அவளுக்கும் இதே கவலையாம். மாத்திரைகள் கைக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் அவள் ஊறுகாய் ஜாடியில் கொட்டிக் குலுக்கிவிட்டோம். தினமும் காலையில் ஆளுக்கு ஒன்று, கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறோம். இன்று அவள் எடுத்தது சற்றே பெரிதாக இருந்தது.