டப்பா வக்கீலும் அறுந்த நூலும்

டெலிபோனே வைத்துக்கொள்ளாமல் டெலிபோன் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் போடிநாயக்கனூரில் இருந்தார். பெயர் எவருக்கும் நினைவில்லை. ஊருக்கு அவர் டப்பா வக்கீல்.

ஐம்பதுகளில் ஏலக்காய் கமிஷன் கடைகளுக்கு அப்போதுதான் டெலிபோன் வந்துகொண்டிருந்தது. மெட்ராஸில் சட்டம் படித்த நாங்கள் மூன்று பேர் லீவுக்கு வந்தால் வக்கீல் பிடித்துக்கொள்வார். இரண்டு பால்பவுடர் டப்பாக்களை நூலால் இணைத்து, ஒன்றை எங்களில் ஒருவரிடம் கொடுத்துத் தெருவின் எதிர்ப்பக்கம் அனுப்பிவிடுவார்.

"மாப்ளே, புஸ்தகத்துல இருக்கிறது பழைய சண்டை. புது மிஷின் வந்தா புதுச் சண்டை வரும். அது எங்க வெடிக்கும்னு இப்பவே யோசிங்க."

ஒருநாள் எஸ்டேட் ஜீப்பு ஒன்று நூலோடு டப்பாவையும் இழுத்துக்கொண்டு போடிமெட்டுக்குப் போய்விட்டது. "நஷ்டத்துக்கு யார் பொறுப்பு?" என்று அதையும் பாடமாக்கினார். எங்களுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு.

சண்டை நிஜமாகவே வெடித்தது. எங்கள் வியாபாரிகள் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். விலை பிடிக்காதவர் கையை உருவிக்கொள்வார். உருவாவிட்டால் பேரம் முடிந்தது. ஏலக்காய் ராவுத்தர் போனிலும் ரிசீவர்மேல் துண்டைப் போட்டுத்தான் பேசினார். விருதுநகர் முதலாளி ஒரு அடிமாட்டு விலை சொன்னார். ராவுத்தர் "வேண்டாம்" என்றபோது லைன் அறுந்திருந்தது. "அவர் போனை வைக்கலை, கையை உருவாத மாதிரிதான், அதனால பேரம் முடிஞ்சது" என்று முதலாளி கேஸ் போட்டுவிட்டார்.

"தோத்தா மார்க்கெட்ல என் பேச்சை எவனும் நம்ப மாட்டான் வக்கீலய்யா" என்று ராவுத்தர் கலங்கினார்.

கோர்ட்டில் வக்கீல் ஒரு டப்பாவை முன்சீப்பிடம் நீட்டினார். அவர் ஏன் வாங்கினாரோ, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம். இன்னொரு டப்பாவோடு வக்கீல் வாசல் வேப்பமரத்தடிக்குப் போய், "ஒரு மாச வாய்தா வேணும்" என்றார். அவர் முன்பே சொல்லி வைத்தபடி நான் வராந்தாத் தூண் மறைவில் நூலை வெட்டினேன். மெல்லிய குரல்காரரான முன்சீப், "முடியாது" என்று டப்பாவுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வக்கீல் உள்ளே வந்து கும்பிட்டார். "வாய்தா கொடுத்ததுக்கு நன்றி, யுவர் ஆனர்."

"நான் எங்கய்யா கொடுத்தேன்? முடியாதுன்னேன்."

"எனக்கு வரலையே. நீங்க டப்பாவைக் கீழ வைக்கலை, சம்மதம்னு எடுத்துக்கிட்டேன். விருதுநகர் முதலாளியும் அப்படித்தான்."

முன்சீப் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். ராவுத்தர் ஜெயித்துவிட்டார். தன் துண்டையே எடுத்து வக்கீலுக்குப் போர்த்தினார். வக்கீலோ என்னைப் பார்த்து, "இன்னும் வெரசா வெட்டியிருக்கணும்" என்று குறை சொன்னார்.

இப்போது என் மேஜையில் நிஜ டெலிபோன் இருக்கிறது. பாதிப் பேச்சில் லைன் அறுந்தால் நான் உடனே வைப்பதில்லை. அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில் அவர் நிற்கிறாரோ என்று கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறேன்.