பெரியப்பச்சி அறையில் வைத்த மறதி

படித்ததை மறப்பது எல்லோருக்கும் நடப்பதுதான். படித்ததை எங்கே வைத்தோம் என்று நன்றாக ஞாபகம் இருந்தும், போய் எடுக்க முடியாமல் நின்றவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஆசிரியர் பயிற்சி படித்துக்கொண்டிருந்தேன். மற்ற பாடங்கள் எப்படியோ ஒட்டிக்கொண்டன. உளவியல் மட்டும் ஒட்டவே இல்லை. மூளையின் பாகங்கள், கற்றல் கொள்கைகள், நினைவின் வகைகள் எல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காது வழியாகப் போய்க்கொண்டிருந்தன. (நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை என்பது அப்பச்சியின் கருத்து. அப்பச்சி என்றால் எங்கள் வீடுகளில் அப்பா, பெரியப்பச்சி என்றால் பெரியப்பா.) அந்த அப்பச்சி ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிட்டார்.

"பாஸ் பண்ணுனா இங்கனயே வாத்தியார் வேலைக்குப் போ. கோட்டை விட்டே, மெட்ராசுல பெரியப்பச்சி இரும்புக் கடையில போய் ஆணி நிறுத்துப் போடு."

பெரியப்பச்சி கடையில் ஏற்கெனவே ஒரு கோடை விடுமுறையைக் கழித்தவன் நான். அங்கே விற்கும் ஆணியைவிட அவர் பேச்சு கூர்மை. எப்பாடுபட்டாவது பாஸாகிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அப்போதுதான் விரிவுரையாளர் வகுப்பில் ஒரு வழி சொன்னார். நன்றாகத் தெரிந்த வீடு ஒன்றை நினைத்துக்கொண்டு, இடத்துக்கு ஒரு பாடமாக வைத்துவிட வேண்டும். தேர்வின்போது மனதுக்குள் வாசலிலிருந்து நடந்து போனால் வைத்தது வைத்த இடத்தில் இருக்கும். என் நண்பன் கருப்பையா மானகிரி விவசாயக் குடும்பம். அவன் வீட்டில் மொத்தமே இரண்டு அறைகள். கட்டிலில் மூளை, உரலில் கற்றல், அடுப்பில் நினைவு என்று அன்று சாயங்காலமே வைத்து முடித்துவிட்டான். எனக்கு அவனைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. எங்கள் வீட்டுக்கு முன்வாசல் ஒரு தெரு, பின்வாசல் அடுத்த தெரு. பல்கலைக்கழகத்தையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மாடியை வாடகைக்கும் விடலாம்.

உற்சாகமாக ஆரம்பித்தேன். உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்ளும் சிறுமூளையை முகப்பு ஊஞ்சலில் உட்கார வைத்தேன். மழைத்தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் முற்றத்தில் குறுகிய கால நினைவு. ஊறுகாய் ஜாடியில் நீண்ட கால நினைவு. மணியடித்தால் எச்சில் ஊறுமே, அந்த ரஷ்யப் பேராசிரியரின் நாய், அதை வளவில், அதாவது நடுக்கட்டில், ஒரு தூணில் கட்டினேன். தூணைப் பிடித்துக்கொண்டு ஒப்பித்தபோது ஆத்தா (எங்கள் அம்மாதான்) பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, தூணுகிட்ட என்ன பேச்சு?"

"நாயைக் கட்டியிருக்கேன் ஆத்தா."

"வளவுக்குள்ளயா? சாமி கும்புடுற இடத்துலயா? அவுத்துக் கொல்லைக்குக் கொண்டு போ!"

சொன்னதோடு விடாமல் தூணைச் சுற்றி மஞ்சள் தண்ணீரும் தெளித்தார். நானும் நாயைக் கொல்லைக்கு மாற்றினேன்.

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் அறை உண்டு. அவரவர் அறைக்கு அவரவர் பூட்டு. பெரியப்பச்சி அறையின் சாவி அவரோடு மெட்ராஸில் இருந்தது. யாரும் எட்டிப் பார்க்காத அந்த அறையில்தான் 'மறதி' என்ற பாடத்தை வைத்தேன். என்ன பொருத்தம் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

வாய்மொழித் தேர்வு வந்தது. கருப்பையா உள்ளே போன வேகத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அடுத்தது நான். தேர்வாளர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா.

"மறதி எதனால வருதுன்னு சொல்லுங்க தம்பி."

எனக்கு வாசலிலிருந்து நடந்தால்தான் எதுவும் வரும். கண்ணை மூடினேன். செருப்பைக் கழற்றினேன். (நிஜமாகவே கழற்றினேன். ஒன்று மேஜைக்கடியில் போய் அவர் காலில் இடித்தது.) எங்கள் வீட்டு நிலைப்படி உயரம் என்பதால் நாற்காலியில் உட்கார்ந்தபடியே காலைத் தூக்கித் தாண்டினேன்.

"தம்பி, என்ன செய்யுறீக? உடம்புக்கு முடியலையா?"

"இல்ல மேடம். இப்பத்தான் முகப்புக்கு வந்திருக்கேன்."

எந்த முகப்பு என்று கேட்டார். விவரத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பின்வாசல் வழியா வந்தா கிட்டமா இருக்குமா?"

"இருக்கும் மேடம். ஆனா அங்குட்டு நாய் கட்டியிருக்கு."

ஊஞ்சலைத் தாண்டி, முற்றத்தைச் சுற்றி, ஒருவழியாகப் பெரியப்பச்சி அறை வாசலுக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவில் பெரிய பித்தளைப் பூட்டு தொங்கியது. அந்த அறையின் உட்புறத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. கற்பனையில்கூட உள்ளே போக முடியவில்லை.

"பூட்டியிருக்கு மேடம்."

"சாவி?"

"மெட்ராசுல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார்.

"பாடம் உள்ள பத்திரமா இருக்கு, எடுக்கத்தான் முடியல. மறதிக்கு இப்படி ஒரு விளக்கமே இருக்கு தம்பி. அதோட பேரை மட்டும் சொல்லிருங்க, பாஸ் போட்டுர்றேன்."

வாத்தியார் வேலை அந்த ஒரு பேரில் தொங்கியது. பூட்டை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"அதுவும் உள்ளதான் மேடம் இருக்கு."

ஃபெயில். அப்பச்சி சொன்ன சொல் மாறாதவர் என்பதால் ரயிலேறினேன். அழுகை வந்தது, காட்டிக்கொள்ளவில்லை. எனக்கு முன்னால் அப்பச்சியின் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது. கடைக்குள் நான் கால் வைத்ததும் பெரியப்பச்சி கேட்டார்:

"ஏன்டா, என் அறையில ஒன் சாமானை யாருடா வைக்கச் சொன்னது?"

ஆணி நிறுத்துக்கொண்டே மறுபடி படித்தேன். இந்த முறை கருப்பையாவின் வீட்டை இரவல் வாங்கிக்கொண்டேன். கட்டில், உரல், அடுப்பு. பாஸாகி, வாத்தியாராகி, ஓய்வும் பெற்றாகிவிட்டது. ஆனால் பெரியப்பச்சி இந்தக் கதையை என் கல்யாணப் பந்தியிலேயே பரிமாறிவிட்டார்.

போன மாதம் ஒரு டாக்டர் என் ஞாபகசக்தியைச் சோதித்தார். சில வார்த்தைகளைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னார். இந்த வயதில் அது சாதாரணத் தேர்வு இல்லை. பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடினேன். நேரம் போனது. டாக்டர் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர்," என்றாள் பக்கத்தில் இருந்த என் மனைவி. "பெரிய வீடு. நடந்து வரணும்ல?"