மூன்றாவது படியில் ஒரு சிவப்புக் கோடு

லேப்டாப் திரையில் மூன்றாவது படியின் கீழே சிவப்புக் கோடு விழுந்திருந்தது. சனோபர் அந்த வரியை அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். கோடும் மறுபடி வந்தது.

"மேடம், கன்னுக்கு நோய் இருக்கா, இல்லையா?" போனில் மந்திரமூர்த்தி. ராயகிரியில் எலுமிச்சை நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். காலையிலிருந்து இதே கேள்விதான்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன் அண்ணாச்சி."

"லாரியில ஏத்தியாச்சு. டிரைவரு இருட்டுமுன்ன செங்கோட்டை தாண்டணும்னு குதிக்கான். நோய் இருக்குன்னா எறக்கிருதேன். கொண்டுபோய் அடுத்தவன் தோட்டத்தைக் கெடுத்த பாவம் எனக்கு வேண்டாம்."

சனோபர் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்காகத் தென்காசியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இலையிலிருந்து எடுத்த மரபணு விவரத்தைக் கம்ப்யூட்டரில் படிப்படியாக ஓடவிட்டுக் கிருமி இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் படி விவரத்தை வாசிக்கும், இரண்டாவது குப்பையை நீக்கும், மூன்றாவது கிருமியோடு ஒப்பிடும். இந்தப் படிகளை எழுதும்போதே தப்பைச் சுட்டிக்காட்டுவதற்கு எடிட்டர் மென்பொருளில் எக்ஸ்டென்ஷன் என்ற ஒரு துணை மென்பொருளைப் போட்டிருந்தாள். அது கோடு போட்டுவிட்டால் ஆய்வுக்கூடத்து சர்வர் அந்தப் படிகள் உள்ள கோப்பைத் தொடாது.

எக்ஸ்டென்ஷனின் உதவிப் பக்கத்தில் போய் இங்கிலீஷில் நியாயம் கேட்டாள். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. 'தங்கள் பொறுமைக்கு நன்றி. புதிய பதிப்பைப் போட்டுப் பாருங்கள்.'

போட்டாள். ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது கோப்பு முழுக்கக் கோடு.

'தங்கள் பொறுமைக்கு நன்றி. எக்ஸ்டென்ஷனை நீக்கிவிட்டு மறுபடி போடுங்கள்.'

நீக்கிப் போட்டாள். கோடுகள் அப்படியே இருந்தன. அவள் பல மாதங்களாகப் பார்த்துப் பார்த்து வைத்திருந்த அமைப்புகள்தான் போய்விட்டன. எழுத்து எறும்பு சைசுக்குச் சுருங்கியிருந்தது.

"யாரை ஏட்டி திட்டுத?" அடுப்படியிலிருந்து அம்மா நூர்நிஷா கேட்டாள்.

"மனுசனா இருந்தாத் திட்டலாம்மா. இது ஏதோ மிஷினு. எதைக் கேட்டாலும் பொறுமைக்கு நன்றிங்குது. எனக்கு எங்க இருக்கு பொறுமை?"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. வெளியே சாரலோடு காற்றும் பலமாக இருந்தது. எங்கோ மரம் விழுந்துவிட்டது, சாயந்திரம் ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். லேப்டாப்பில் சார்ஜ் கொஞ்சம்தான் இருந்தது.

மொபைலை எடுத்து உதவிப் பக்கத்தில் கோபமாகத் தட்டினாள். 'தென்காசியில் கரண்ட் போய்விட்டது. வேறு இடம் பார்த்து வருகிறேன். உங்களை விடமாட்டேன்.'

இந்த முறை நன்றி வரவில்லை. 'எங்கே வருகிறீர்கள்?' என்று மட்டும் வந்தது.

மிஷினுக்கு எதுக்கு இந்தக் கேள்வி என்று நினைத்தபடி, லேப்டாப்பை அரிசிப் பையில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ஜெனரேட்டரும் வைஃபையும் உண்டு. அங்கே வரவேற்பில் இருக்கும் இசக்கிசெல்வி அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

"என்ன ஏட்டி, அருவிக்கு வந்தியா?"

"அருவி ஒண்ணுதான் கொறைச்சல். ஒரு பிளக் பாயிண்ட் காட்டு."

சோபா ஓரத்தில் உட்கார்ந்தாள். சீசன் கூட்டம் ஈரத் துண்டோடு முன்னும் பின்னும் போனது. யாரோ உதறிய தலையிலிருந்து தண்ணீர் கீபோர்டில் தெறித்தது. துடைக்கப் போனதில் பாதி கோப்பு அழிந்தது. மீட்டெடுப்பதற்குள் மந்திரமூர்த்தி இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

'உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் மனிதரா, மிஷினா?' என்று எழுதினாள்.

பதில் தாமதமாக வந்தது. 'இன்றைக்கு எனக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. கோப்பை முழுசாக அனுப்புங்கள். நானே பார்க்கிறேன்.'

அனுப்பினாள். அடுத்த பதில் இரண்டே வரி. 'இரண்டாவது படியை மூடும் அடைப்புக்குறி இல்லை. புதிய பதிப்பு கேட்கும் சில மாற்றங்களையும் செய்து கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.'

சனோபர் இரண்டாவது படிக்குப் போய்ப் பார்த்தாள். அந்த அடைப்புக்குறியை விட்டவள் அவள்தான். காலையில் விழுந்த முதல் கோடே அதைத்தான் சொல்லியிருக்கிறது. அடுத்த படியில் விழுந்ததால் அவள் மேலே பார்க்கவேயில்லை.

திரும்பி வந்த கோப்பில் கோடுகள் மறைந்திருந்தன. கோப்பை சர்வருக்கு அனுப்பினாள். ஒவ்வொரு படியாக ஓடி முடிந்தது. எந்த மாதிரியிலும் கிருமி இல்லை.

"அண்ணாச்சி, கன்னெல்லாம் சுத்தமா இருக்கு. லாரியை விடுங்க."

"நல்லா இருப்பீங்க மேடம். டிரைவரு இப்பதான் பாயை விரிச்சுப் படுத்தான், எழுப்புதேன்."

சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினாள். உடம்பெல்லாம் லேசாகிப்போனது. பிறகு எறும்பு எழுத்து ஞாபகம் வந்தது. ஆள்தான் இருக்கிறாரே, கையோடு கேட்டுவிடலாம் என்று நிமிர்ந்தாள்.

'மிக்க நன்றி. இன்னும் ஒரு சின்ன சந்தேகம்' என்று எழுதி அனுப்பினாள். தொடர்ந்து ஆறு சந்தேகங்களை அடிக்க ஆரம்பித்தாள்.

மாடிக்குக் காபி கொண்டுபோன இசக்கிசெல்வி தலையில் அடித்துக்கொண்டே இறங்கி வந்தாள்.

"மேல ரூம்ல ஒரு சாரு பாவம் ஏட்டி, அருவிக்குப் போவோம்னு காலைல எண்ணெய் தேச்சவரு, இன்னும் துண்டோட லேப்டாப்பு முன்னால உக்காந்திருக்காரு. தென்காசியில எவளோ ஒருத்தி விடாம கேள்வி கேட்டுக் கொல்லுதாளாம், குத்தாலத்துலதான் இருக்கேன்னு சொன்னா நேர்ல வந்துருவாளோன்னு பயந்து வாயே தொறக்கலியாம்."