உட்கார்ந்தால் திறக்கும் கதவு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் படுத்துக்கொண்டே எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம், அதாவது படுத்திருக்கும்வரை நலம். அங்கு நீங்களும், கோபித்துக்கொண்டு வந்திருக்கும் என் வீட்டுக்காரியும் எந்த நிலையிலும் நலமாக இருக்க வேண்டும்.

போன மாதம் நீங்கள் சவரத்துக்கு என் கடைக்கு வந்தபோது, முடிவெட்ட வேண்டிய நான் நாற்காலியைச் சாய்த்துப் படுத்திருந்தேன், முடிவெட்ட வந்தவர் பக்கத்தில் நின்று எனக்குப் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார். அது தப்புத்தான். அந்த நாற்காலியும் லேசுப்பட்டதல்ல, பிடியைத் தொட்டால் தொபுக்கென்று சாயும், ஒருமுறை தபால்காரர் பாதி மீசையோடு பின்னால் போய்விட்டார், அது கிடக்கட்டும். "நின்னு செய்யிற வேலைய படுத்துக்கிட்டுச் செய்யிறவனுக்கா எந்தங்கச்சியக் குடுத்தேன்"னு கேட்டு அவளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க. நின்னா மூச்சு முட்டுது, படுத்தா சரியாகுதுன்னு நான் சொன்னத யாரும் நம்பல.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க எல்லாத்தையும் படுக்க வச்சே பாக்குறாங்க மச்சான். விரல்ல கிளிப்ப மாட்டினா ஆக்சிஜன் தொண்ணூத்தாறு. "நல்லாத்தானே இருக்கீங்க, எழுந்திருங்க"ன்னாங்க. எழுந்திருச்சாத்தானே வியாதியே. நாலாவது நாள், நெஞ்சுப் படம் எடுக்கிற பொண்ணு விரல் கிளிப்பக் கழட்ட மறந்துட்டுது. நான் உக்காந்து சட்டப் பொத்தான் போடுறேன், மிஷின் கத்துது. எண்பத்தொண்ணு. "ஐயா, படுங்க." தொண்ணூத்தஞ்சு. "உக்காருங்க." எண்பத்திரெண்டு. "படுங்க." என் கடை நாற்காலி மாதிரியே என்னச் சாய்ச்சு நிமித்திப் பாத்துட்டு, ஓடிப்போய் டாக்டரக் கூட்டியாந்துச்சு.

"மூச்சு முட்டுறவங்க எழுந்து உக்காரத்தான் பாப்பாங்க. உங்களுக்குத் தலைகீழா இருக்கே"ன்னாரு. உப்புத்தண்ணியக் குலுக்கி நுரையாக்கி கை நரம்புல ஏத்துனாங்க. நுரையப் பத்தி எங்கிட்டயா, ரொம்பப் பொடி நுரை, சவரத்துக்கு ஆகாது. நெஞ்சுல கருவிய வச்சுத் திரையில பாத்தா, படுத்திருந்தப்போ நுரையெல்லாம் இதயத்துல வலது பக்கமே நின்னுச்சு. உக்கார வச்சதும் நடுச்சுவத்துல ஒரு கதவு தொறந்து, வெள்ளப் புள்ளியா இடது பக்கம் ஓடுது. நுரையீரலுக்குப் போய்க் காத்து வாங்காத ரத்தம் அந்தக் குறுக்குவழியில உடம்புக்குப் போயிடுதாம். முப்பது வருசமா சோம்பேறின்னு பேர் வாங்குனவன் மச்சான், அந்தத் திரையப் பாத்து அழுதுட்டேன்.

வியாழக்கிழமை தொடை நரம்பு வழியாப் போய்க் கதவ அடைக்கப் போறாங்க. டாக்டர் தைரியம் சொல்றாரு, எனக்குத்தான் இருப்புக்கொள்ளல. படுத்தா பயம் வருது, உக்காந்தா மூச்சு போகுது. அவ பக்கத்துல இருந்தாத் தேவல. அனுப்பி வைங்க. திரையில பாத்த படத்தோட நகல் கையில வச்சிருக்கேன், இனிமே அவ வாயால சோம்பேறின்னு சொல்லக் கூடாது.

பிள்ளைகளுக்கு என் ஆசியும் உங்களுக்கு என் வணக்கமும், இரண்டும் படுத்தபடியே.

பி.கு: உறையை ஒட்டுமுன் உங்கள் தங்கச்சியே வந்து நிற்கிறாள். சம்மதக் கையெழுத்துக்காக ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்களாம், டாக்டரை நேராகக் கேட்டுவிட்டுத்தான் வந்தாளாம். கதவு பிறவியிலயே உள்ளதாம், ஆனா இப்படித் தொறக்க ஆரம்பிச்சு மூணு மாசந்தான் ஆகுதாம். "மிச்சம் இருபத்தொம்போது வருசம் ஒம்போது மாசம் எதுக்குப் படுத்தீங்க"ன்னு கேக்குறா. பதில் சொல்ல எழுந்து உக்காந்தேன், மூச்சு முட்டிப்போச்சு. "சரி, படுங்க"ன்னா.