எம்.எல்.ஏ. மடியில் மஞ்சப்பை

அந்தப் பையை எப்படித் திரும்ப வாங்குவது என்று கண்டக்டர் ஜுல்பிகருக்குத் தெரியவில்லை. பை எம்.எல்.ஏ.வின் மடியில் இருந்தது. பைக்குள் ஒரு பிராந்தி பாட்டில் இருந்தது. அது எம்.எல்.ஏ.வுக்குத் தெரியாது.

வாடிப்பட்டியில் வந்த வினை இது. கூட்டமான பஸ்ஸில் ஏறுகிறவர்கள் கையில் இருப்பதை ஜன்னல் வழியாக யார் மடியிலாவது வைத்துவிட்டு ஏறுவது நம் பக்கத்து வழக்கம். வாங்கிக்கொள்கிறவரும் யார் எவர் என்று கேட்பதில்லை. அப்படித்தான் கூட்டத்திலிருந்து ஒரு கை மஞ்சப்பையை நீட்ட, எம்.எல்.ஏ. செல்வக்குமார் முகத்தைக் கேமராவுக்குக் காட்டியபடியே அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கேமரா என்றால் ஸ்ரீஜாவின் செல்போன். மதுரையில் யூடியூப் சேனல் நடத்துகிற பெண். இரண்டாம் முறையாக ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகாத எம்.எல்.ஏ., பஸ்ஸில் குடியை ஒழிப்பதே தன் முதல் வேலை என்று மேடைக்கு மேடை முழங்கியிருந்தார். பஸ்ஸில் பாட்டில் பிடிபட்டால் கண்டக்டரே பொறுப்பு என்று உத்தரவும் வந்துவிட்டது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கத்தான் இன்றைக்கு அவரே மதுரை பஸ்ஸில் ஏறியிருந்தார். எல்லாம் லைவ்வாகப் போய்க்கொண்டிருந்தது.

ஜுல்பிகர் ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். போதையில் ஏறிய ஒருவரை நடுவழியில் இறக்கிவிட்டதற்கு ஒன்று. இன்னொருவரை இறக்கிவிடாததற்கு ஒன்று. மூன்றாவது வந்தால் சஸ்பெண்ட் என்று டெப்போவில் சொல்லியே அனுப்பியிருந்தார்கள். ஆயுளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாத மனிதர், மற்றவர்கள் குடித்தே கெட்டுப்போய்க்கொண்டிருந்தார்.

எம்.எல்.ஏ.வுக்கு டிக்கெட் கிழிக்கக் குனிந்தபோதுதான் பைக்குள் பாட்டிலின் கழுத்து அவர் கண்ணில் பட்டது.

"சார், பையக் குடுங்க. நான் வச்சுக்கிறேன்."

"இருக்கட்டும்யா. மக்களோட சுமைய நாந்தானே சுமக்கணும்?"

"கனமா இருக்கும் சார்."

"எம்புட்டுக் கனமா இருந்தா என்ன?"

"சூப்பர் சார்!" என்றாள் ஸ்ரீஜா. "அதையே பையத் தூக்கிக் காட்டிக்கிட்டுச் சொல்லுங்க சார்."

எம்.எல்.ஏ. பையைத் தூக்கினார். பாட்டில் மூடி மெல்ல எட்டிப் பார்த்தது. ஜுல்பிகர் பாய்ந்து போய்ச் செல்போனுக்குக் குறுக்கே நின்றுகொண்டார்.

"டிக்கெட்! டிக்கெட்!"

"என்கிட்ட அப்பவே குடுத்துட்டீங்கண்ணே."

"இருந்தா நல்லதும்மா. இன்னொண்ணு வாங்கிக்க."

அவள் முறைத்துக்கொண்டு நகர்வதற்குள் ஜுல்பிகர் எம்.எல்.ஏ.வின் காதுப்பக்கம் குனிந்தார். "சார், பைக்குள்ள பிராந்தி பாட்டில் இருக்கு."

எம்.எல்.ஏ.வின் சிரிப்பு அப்படியே இருந்தது. மற்றதெல்லாம் வெளிறிப்போனது.

"யாருதுய்யா?"

"தெரியல சார்."

"எடுத்துத் தொலைய்யா. சிரிச்சுக்கிட்டே எடு."

ஜுல்பிகர் சிரித்துக்கொண்டே பையை எடுத்தார். அதை எங்கே வைப்பது? கேமரா பார்க்காத இடம் ஒன்றுதான் இருந்தது. முன்னால் போய் டிரைவர் மருதுவின் சீட்டுக்குப் பின்னால் செருகினார்.

"என்ன பாய் அது?"

"பாட்டிலு. சத்தம் போடாத."

மருதுவின் கால் தானாகவே பிரேக்கை மிதித்துவிட்டது. நின்றிருந்தவர்கள் எல்லோரும் முன்னால் சாய்ந்து, டிரைவரின் பரம்பரையையே விசாரித்தார்கள்.

"டிரைவர் சீட்டுப் பக்கத்துலயா வைப்பீக? என் லைசென்சு போறதுக்கா?"

பதறிப்போய் மருது வண்டியை விருட்டென்று கிளப்பினான். சரிந்து கிடந்த பையிலிருந்து பாட்டில் வெளியே வந்தது. வந்த பாட்டில் பின்பக்கமாக உருண்டது. செருப்புகளைத் தாண்டி, ஒரு கொய்யாப்பழக் கூடையில் இடித்துத் திரும்பி, வேறு இடமே இல்லாததுபோல் ஸ்ரீஜாவின் காலடியில் போய் நின்றது.

செல்போன் கீழே குனிந்தது.

"மக்களே, பாருங்க! ஓடுற பஸ்ல, எம்.எல்.ஏ. கண்ணு முன்னாடியே பாட்டில்!"

இனி எம்.எல்.ஏ.வுக்கு வேறு வழியில்லை. எழுந்து நின்றார்.

"கண்டக்டர்! என்னய்யா இது? டிரைவர் பக்கத்துல இருந்து பாட்டில் வருது! வண்டிய நேரா போலீஸ் ஸ்டேஷனுக்கு விடு. இன்னைக்கே உன்ன சஸ்பெண்ட் பண்ணச் சொல்றேன்."

"எங்க பொழப்பு என்னாகிறது சார்?" என்று பஸ் கூச்சல் போட்டது. "கண்டக்டர மட்டும் கூட்டிட்டுப் போங்க சார். எங்கள மதுரையில விட்டுருங்க" என்று ஒரு நல்ல மனசுக்காரர் வழி சொன்னார்.

"சார், அது வந்து... உங்க மடி..." என்று ஜுல்பிகர் ஆரம்பித்தார். எம்.எல்.ஏ. பார்த்த பார்வையில் மடியோடு நிறுத்திக்கொண்டார். வேலை போவதுகூடப் பெரிதில்லை. பிராந்தி கேஸில் போனது என்று வீட்டில் மனைவி ஷாஹீதாவிடம் எந்த வாயால் சொல்வது? அவருக்கு அழுகை வந்துவிட்டது.

"அது ஏம் பாட்டிலு."

கொய்யாப்பழக் கூடைக்குப் பின்னாலிருந்து ஒச்சாயி எழுந்தாள். தினமும் இந்த பஸ்ஸில் விளாங்குடிக்குப் பழம் விற்கப் போகிறவள். அவள் கூடையோடு ஓடி வருவதைப் பார்த்தால் ஜுல்பிகர் விசிலடித்து வண்டியை நிறுத்திவிடுவார்.

"பாய் மேல பழியப் போடாதீக. வாடிப்பட்டியில நாந்தேன் பைய ஜன்னல்ல குடுத்தேன். யாரு வாங்குனாகன்னு பாக்கல. அந்தா, அந்த சீட்டு."

எல்லோரும் அந்த சீட்டைப் பார்த்தார்கள். செல்போனும் பார்த்தது.

"அப்ப இவ்வளவு நேரமும் பாட்டில் உங்க மடியிலதான் இருந்துச்சா சார்?" என்றாள் ஸ்ரீஜா.

இப்போது வியர்ப்பது எம்.எல்.ஏ.வின் முறை. "ஏம்மா, பஸ்ல பாட்டில் கொண்டு வரக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"குடிக்கவா கொண்டாந்தேன்? கருப்பசாமிக்கு நேந்துக்கிட்டது சார்."

"சாமிக்கா? எதுக்கு நேந்துக்கிட்ட?"

"எலக்சனுக்கு முன்னாடி வேண்டுனது. ஒங்களுக்காகத்தேன்."

எம்.எல்.ஏ.வுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குனிந்து பாட்டிலை எடுத்தார். சீல் உடைக்காத பாட்டில். அதன் வயிற்றில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. செல்போனுக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். இமையில் சந்தனம் உதிர்ந்தது.

"பாருங்கம்மா! நமக்காக ஒரு ஏழைத்தாய் சாமிகிட்ட வேண்டியிருக்கு. நேர்த்திக்கடன் பாட்டிலுக்கும் குடிகாரன் பாட்டிலுக்கும் சட்டம் வித்தியாசம் பாக்கணும். இதப் பத்தி நானே சட்டசபையில பேசுறேன்!"

பஸ் கை தட்டியது.

"கண்டக்டர் மேல ஒரு தப்பும் இல்ல. தங்கமான மனுசன். டெப்போவுக்கு நானே போன் பண்ணிச் சொல்றேன். உனக்கு எந்த ஊரும்மா?"

"வாடிப்பட்டிக்கு மேக்க சார். பஸ்ஸு வராத ஊரு. நடந்துதேன் வாடிப்பட்டிக்கு வரணும்."

"அடுத்த மாசமே விட்டுருவோம்."

"போன தடவ ஜெயிச்சப்பயும் அதத்தேன் சொன்னீக."

எம்.எல்.ஏ. பாட்டிலைப் பையில் போட்டு அவளிடமே மரியாதையாகக் கொடுத்துவிட்டு, பின்னால் வந்த தன் காருக்குக் கை காட்டி அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிக்கொண்டார். ஸ்ரீஜாவும் கூடவே போனாள்.

ஜுல்பிகர் படிக்கட்டில் சாய்ந்து நின்று ஒரு பாட்டில் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார். காற்று முகத்தில் அடித்தது. வேலை இருக்கிறது. மெமோ இல்லை. ஷாஹீதாவிடம் சாயந்தரம் சிரித்துக்கொண்டே சொல்லலாம். அந்த நிம்மதியில் எதிரே வந்த லாரிக்கெல்லாம் கையை ஆட்டினார்.

விளாங்குடியில் கூடையை அவரே இறக்கிக் கொடுத்தார்.

"இன்னைக்கு என் குடும்பத்தையே காப்பாத்திட்டக்கா."

"நல்லா இருங்க பாய்."

விசிலை வாயில் வைத்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. விசிலை எடுத்தார்.

"ஆமா, கருப்பசாமி கோயில் உங்க ஊர்லதான இருக்கு? பாட்டில் ஏன் கோயிலுக்குப் போகாம மதுரைப் பக்கம் வருது?"

ஒச்சாயி கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சொன்னாள்:

"நான் வேண்டுனது இந்த ஆளு தோக்கணும்னு பாய். சாமி செய்யல. அதேன், வச்ச அட்வான்ச எடுத்துட்டு வாரேன்."