சுவருக்கு அந்தப் பக்கம் போன ரயில்

மதிப்பும் மரியாதையும் மிக்க, கொத்து வேலையில் கை தேர்ந்த, பத்து தடவை கூப்பிட்டால் பதினோராவது தடவை யோசிக்கும் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்டு இன்றுவரை உயிரோடு இருக்கும் மாப்பிள்ளை எழுதிக்கொண்டது.

இங்கே யாவரும் நலம். அங்கே நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். முக்கியமாக உங்கள் வலது கை நலமாக இருக்க வேண்டும், அந்தக் கையால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. இங்கே யாவரும் நலம் என்று மேலே எழுதியது பழக்க தோஷம். உண்மையில் இங்கே யாரும் நலமில்லை, முக்கியமாக நான். போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் பேசினால் உங்கள் தங்கை காதில் விழும், அவள் காதில் விழாவிட்டால் வீட்டுக்காரர் காதில் விழும். வீட்டுக்காரர் காதில் எப்படி விழும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயமே. அதனால் பார்சல் வண்டி டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பிழை இருந்தால் பொறுக்கவும், அஞ்சாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டது உங்களுக்குத் தெரியும்.

என்னுடைய ரயில் கிறுக்கு உங்களுக்குத் தெரிந்ததுதான். போன வருஷம் ஒரு பழைய காருக்கு சீட் கவர் மாற்றப் பின் சீட்டைப் பிரித்தபோது, உள்ளே சீப்பு, கம்மல் திருகாணி, காய்ந்துபோன எலுமிச்சம்பழம் இதற்கெல்லாம் நடுவில் ஒரு பொம்மை இஞ்சின் கிடந்தது. கார்க்காரரிடம் கேட்டேன், எங்க வீட்டுது இல்லை என்று சொல்லிவிட்டார். துடைத்து பேட்டரி போட்டேன், மச்சான், அது விசில் அடித்தது. அவ்வளவுதான், நான் விழுந்தேன். அப்புறம் தண்டவாளம் வந்தது, இரண்டு பெட்டி வந்தது, பெட்டிக்குள் சீட்டு இல்லையே என்று மிச்ச ரெக்சினில் விரல் நகம் அகலத்துக்கு சீட்டு தைத்துப் போட்டேன். உங்கள் தங்கை பார்த்துவிட்டு, "உக்கார ஆளு யாரு, எறும்பா?" என்றாள். "டிக்கெட் வாங்கின எறும்பு மட்டும்" என்றேன். அதிலிருந்து ரயிலைப் பற்றி அவள் பேசுவதில்லை, பார்ப்பதோடு சரி. அந்தப் பார்வைக்குப் பேச்சே தேவலை.

தனியாக ஓட்டி தனியாகவே கை தட்டுவது நன்றாக இல்லை என்று கடை வாசலில் ஒரு அட்டை எழுதி மாட்டினேன். பொம்மை ரயில் பிடிக்கும் யாவரும் வரலாம், வயது தடை இல்லை, ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் டீ உண்டு. ரொம்ப நாளைக்கு டீயை நானே குடித்தேன். கடைசியில் எதிர் வரிசையில் பல் செட் செய்பவர் ஒருத்தர் வந்தார். மெல்லிய மனுஷன், மெல்லிய குரல், சொல்வது மட்டும் வெட்டரிவாள். செயற்கை ஈறுக்கு அச்சு எடுக்கிற மாவில் எனக்கு ஒரு மலை செய்து கொடுத்திருக்கிறார். நல்ல மலை. உச்சியில் மட்டும் ஒரு கடைவாய்ப்பல் அச்சு விழுந்திருக்கிறது, அதைப் பாறை என்று சொல்லிச் சமாளிக்கிறோம். இந்தப் பல்லுக்காரர்தான் ஒரு நாள், "மலை இருக்கு, குகை இல்லையே. ஹாலிலிருந்து கிளம்பி, சுவருக்குள்ள பூந்து, பின்னாடி ஸ்டோர் ரூம்ல போய் நின்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டு வைத்தார். அன்றிலிருந்து சுவரைப் பார்த்தால் எனக்குச் சுவராகத் தெரியவில்லை.

இங்கே எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டில்தான் தனியாக இருக்கிறார். நான் வைத்த பெயர் தாழ்ப்பாள். வாயைத் திறந்தால் உள்ளே இருப்பது வெளியே போய்விடும் என்பதுபோல் பேசுவார். குடி வந்த அன்று ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. அடிச்சா அன்னைக்கே காலி பண்ணணும்." எங்கள் வீட்டில் கண்ணாடி கூட நாற்காலியில் உட்கார்ந்துதான் முகம் காட்டும். எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஒரு கடிகாரம் மாட்டினாராம். மறு வாரம் கடிகாரமும் கையுமாகத் தெருவில் நின்றார், கடிகாரம் மட்டும் நேரத்தைச் சரியாகக் காட்டியது என்கிறார்கள். உங்கள் தங்கைக்கோ இந்த வீடு உயிர். ஆஸ்பத்திரி லாண்டரியில் வேலை முடிந்து நடந்தே வந்துவிடலாம், தண்ணீர் கஷ்டமில்லை, வெளிச்சமான சமையலறை. வரும்போதே சொன்னாள்: "இதுக்கு மேல உங்களால ஒரு வீடு மாறினா, பாத்திரம் எல்லாம் என்கூட வரும். நீங்களும் ரயிலும் எங்க வேணா போயிக்கோங்க." சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

இவ்வளவும் தெரிந்த ஒருத்தன் சுவரில் ஓட்டை போடுவானா என்று கேட்டால், போட்டேன். உங்கள் தங்கை வேலைக்குப் போயிருந்தாள், தாழ்ப்பாள் மருந்து வாங்கப் போயிருந்தார், பரணில் நீங்கள் போன தடவை மறந்துவிட்டுப் போன டிரில்லிங் மெஷின் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. ஆகவே இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. ஹாலின் அந்தச் சுவர் நீளமானது. ஒரு பாதிக்குப் பின்னால் எங்கள் ஸ்டோர் ரூம், மறு பாதிக்குப் பின்னால் தாழ்ப்பாளின் படுக்கை அறை. தப்பு நடக்கக் கூடாது என்று ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சுவர் மேல் காகிதம் விரித்து, ஓட்டை எங்கே வர வேண்டும் என்று குறி போட்டேன். சுவருக்கு இந்தப் பக்கம் வலது என்றால் அந்தப் பக்கம் இடது, அது எனக்குத் தெரியாதா? காகிதத்தை ஒழுங்காகத் திருப்பித்தான் ஹாலுக்குக் கொண்டுவந்தேன். ஆனால் மச்சான், ரெக்சினுக்குக் குறி எப்போதும் பின்பக்கத்தில்தான் போடுவோம், அதற்கு அளவுத் தாளைத் திருப்பி வைக்க வேண்டும். முப்பது வருஷமாகத் தாளைக் கையில் எடுத்ததும் ஒரு தடவை திருப்புகிற கை இது. சுவர்கிட்டே போனதும் நான் சொல்லாமலே இன்னொரு தடவை திருப்பிவிட்டது. திருப்பினதைத் திருப்பினால் என்ன ஆகும் என்று கணக்கு வாத்தியாரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

முழங்கால் உயரத்தில் அழகான ஓட்டை. எலி பார்த்தால் வாடகைக்குக் கேட்கும். துளைத்ததும் மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். அந்த நேரத்தில் பல்லுக்காரர் வந்துவிட்டார், மருந்து வாங்கப் போன தாழ்ப்பாள் திரும்பி வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, புது வழியில் வண்டி விடும் ஆசையில் எனக்குக் கண் தெரியவில்லை. தண்டவாளத்தை உள்ளே நீட்டினேன், இஞ்சினின் பொத்தானை அமுக்கினேன், வண்டி விசில் அடித்துக்கொண்டு இரண்டு பெட்டியோடு சுவருக்குள் போனது. நான் பச்சைத் துணியை எடுத்துக்கொண்டு அதை வரவேற்க ஸ்டோர் ரூமுக்கு ஓடினேன். அங்கே சுவர் ஒரு கீறல் இல்லாமல் முழுசாக நின்றது. அந்தச் சுவருக்கு முன்னால் நான் பச்சைத் துணியை ஆட்டிக்கொண்டு நின்ற கோலம் இப்போது நினைத்தாலும் காது மடல் சில்லிடுகிறது. எங்கிருந்தோ ஒரு விசில் கேட்டது. அப்புறம் தொப்பென்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை. பல்லுக்காரர் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள போனது வண்டி. வெளிய போகப்போறது நீங்க" என்று சொல்லி செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஓட்டை மேல் ஒரு காலண்டரைப் பசை போட்டு ஒட்டினேன். உங்கள் தங்கை வந்து பார்த்தாள். "தேதி பாக்கணும்னா இனிமே தரையில படுத்துதான் பாக்கணுமா?" என்றாள். "நிக்கிறவங்க எல்லாருக்கும் தேதி தெரியும், உக்காந்திருக்கிறவங்கதான் பாவம்" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். எனக்கு வேர்த்தது. "காய்ச்சலா?" என்று நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

மறுநாள் கேட்டில் தாழ்ப்பாள் என்னை நிறுத்தினார். "உங்க வீட்ல எலி இருக்கா?" என்றார். "இல்லைங்க. இருந்தாலும் நல்ல எலிங்க" என்றேன். "என் கட்டிலுக்கு அடியில சத்தம் கேட்டுச்சு." "பெருச்சாளியா இருக்கும்." "பெருச்சாளி விசில் அடிக்குமா?" என்று கேட்டார். "சிலது அடிக்குங்க" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். திட்டியிருந்தால் ஒரு வேளை சோறாவது இறங்கியிருக்கும். அன்றிலிருந்து வீட்டில் நான் மெதுவாகத்தான் இருமுகிறேன். உங்கள் தங்கை குரலை உயர்த்தினால் காலண்டர் படபடக்கிறது, அது படபடத்தால் எனக்கும் படபடக்கிறது.

இதோடு போயிருந்தால் உங்களைத் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். நேற்று கடைக்கே வந்துவிட்டார். கையில் ஒரு ஸ்டூல், மேல் உறை கிழிந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்றார். நான் தலையைத் தூக்காமல் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன். வாசல் அட்டையை ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பது கேட்டது. படித்து முடித்துவிட்டு, "யாவரும்னா, எல்லாரும்தானே?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வயசானவங்களும்?"

"வயசு தடை இல்லைங்க. கீழ எழுதியிருக்கு."

"அப்ப ஞாயித்துக்கிழமை நான் வரேன். உங்ககிட்ட ஒரு விஷயம் பேசணும்."

அந்த வினாடியில் மெஷின் என் விரலையும் சேர்த்து ஒரு தையல் போட்டது. ஒரு விஷயம் என்றால் எந்த விஷயம்? ஒரு மனுஷனைத் தெருவில் நிறுத்த ஒரு விஷயம் போதும். அதையும் என் வீட்டு ஹாலில், என் டீயைக் குடித்துக்கொண்டே, உங்கள் தங்கை முன்னால் சொல்லப் போகிறார். யாவரும் வருக என்று எழுதிய கையை வெட்ட வேண்டும், ஏற்கெனவே பாதி தைத்தாகிவிட்டது.

பல்லுக்காரரிடம் கேட்டேன். சொத்தைப் பல்லை அடைப்பதுபோல் அடைத்துவிடலாம் என்றார். ஆனால் அவரிடம் மிச்சம் இருப்பது ஈறு நிற மாவுதானாம். ஹால் சுவரில் ஈறு முளைத்தால் நான் என்ன பதில் சொல்வது? ஆகவே மச்சான், உங்களை விட்டால் ஆளில்லை. சனிக்கிழமையே கரணையும் சிமெண்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தங்கச்சியைப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள், அவளுக்குச் சந்தேகம் வரும், பரவாயில்லை. வெளிறிய மஞ்சள் பெயிண்ட் கொஞ்சம் கொண்டு வாருங்கள். உள்ளே போன வண்டி போனதுதான், அதை நான் மறந்துவிட்டேன், அந்த இரண்டு பெட்டியின் சீட்டையும் மறந்துவிட்டேன். வீடு மட்டும் நிற்க வேண்டும். இனி ரயில் என்ற வார்த்தையே என் வாயில் வராது, ஊருக்குப் போனாலும் பஸ்ஸில்தான் போவேன், இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கம். பெரியவளுக்கும் சின்னவனுக்கும் என் ஆசீர்வாதம், மாமாவைப் போல் வராமல் நன்றாகப் படிக்கச் சொல்லுங்கள். உங்கள் கரணை நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சுவரோரமாகவே நடமாடும்
உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: மேலே உள்ளதை டிரைவரிடம் கொடுக்கப் படி இறங்கினேன், தாழ்ப்பாள் தம் வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். ஞாயிறு வரை தாங்காது, இப்பவே சொல்லிடறேன் என்றார். உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியில் குனியச் சொன்னார். குனிந்தேன். என் வண்டி நிற்கிறது. அதற்குப் பக்கத்தில் தீப்பெட்டியில் பிளாட்பாரம், துணிக் கிளிப்பில் பெஞ்சு, டார்ச் பல்பில் விளக்கு. பெயர்ப் பலகை மட்டும் வெறுமையாக இருந்தது. "பேரு நீங்க வெச்சிருப்பீங்க, நான் எதுக்கு மாத்தணும்னு விட்டுட்டேன்" என்றார். அப்புறம் குரல் இறங்கி, "தூக்கும்போது பெட்டியை மாட்டுற கொக்கி ஒண்ணு என் கையில ஒடிஞ்சுடுச்சு. நூல் போட்டுக் கட்டியிருக்கேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம எலி, ஸ்டூல்னு ஏதேதோ பேசிட்டு வந்துட்டேன். கோவிச்சுக்குவீங்களோன்னு பயம்" என்றார். என்னைப் பார்த்துப் பயந்த ஒரு மனுஷனை நான் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். ஓட்டை என்றேன். "அது இல்லாம வண்டி எப்படி வரும்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

ஆகவே கரணை வேண்டாம், சிமெண்டும் வேண்டாம். டிரில்லிங் மெஷினில் மாட்டித் துளைக்கிற பெரிய ஊசியை மட்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள், துளைக்க என் மச்சான் வருவார் என்று அவரிடமும் சொல்லியாகிவிட்டது. போன வண்டி வந்த வழியே பின்பக்கமாக நகர்ந்து வருவது அழகில்லை, சுற்றி வர இன்னொரு ஓட்டை வேண்டும் என்று அவரே பென்சிலால் வட்டம் போட்டுவிட்டார். அது எங்கள் சமையலறையில், உங்கள் தங்கை பாத்திரம் அடுக்கும் பலகைக்கு நேர் மேலே வருகிறது. வட்டம் போட்டு முடிக்கும்போது அவள் வேலையிலிருந்து வந்து நின்றாள். "யாரு இது போட்டது?" என்றாள். வீடு அவருடையது, அவர் சொல்வார் என்று நான் இருந்தேன். மனைவி என்னுடையவள், நான் சொல்வேன் என்று அவர் இருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உங்கள் பேரைச் சொல்லிவிட்டோம். சனிக்கிழமை வரும்போது பின்வாசல் வழியாக வாருங்கள், நாங்கள் இரண்டு பேரும் கட்டிலுக்கு அடியில்தான் இருப்போம்.